தூக்கத்தில் நடப்பவர்களும் நளன் கதையும்

தூக்கத்தில் எழுந்து நடப்பவர்களைப் பற்றி நம் ஊர்களில் இரண்டு விதமான பேச்சுகளே புழங்குகின்றன. ஒன்று வேடிக்கை. கல்யாண வீட்டில் நள்ளிரவில் எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்ட சித்தப்பாவைப் பற்றி இருபது ஆண்டுகள் கழித்தும் சிரிப்பார்கள். மற்றொன்று அச்சம். பெண்பிள்ளை ஒருத்தி நடுநிசியில் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய்க் கிணற்றடியில் நின்றாள் என்றால் குரல்கள் தாழ்ந்துவிடும். மறுநாளே தாயத்துக்கு ஏற்பாடு நடக்கும். ஆண் நடந்தால் நகைச்சுவை, பெண் நடந்தால் பேய் என்பதே பெரும்பாலும் இதிலுள்ள பாகுபாடு. இரண்டிலும் விடுபட்டுப்போவது, அது ஏன் நேர்கிறது என்ற கேள்வி.

இக்கேள்வியைக் காரைக்காலில் இருந்துகொண்டு கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. காவிரியின் கடைமடையில், நான்கு புறமும் தமிழ்நாடும் கடலும் சூழக் கிடக்கும் இச்சிறு நிலத்துக்கு இரண்டு பெருங்கதைகள் உண்டு. ஒன்று, பேயுருவை வேண்டிப் பெற்று, தன் பாடல்களில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்ட அம்மையாருடையது. பேய் என்ற பெயரை விரும்பிச் சூடிய ஒரு பெண்ணுக்கு ஆனி மாதந்தோறும் மாங்கனித் திருவிழா எடுக்கும் ஊர் இது. அதே ஊரில், தூக்கத்தில் நான்கடி நடந்த குழந்தையின் மீது அதே சொல் வசையாக விழுகிறது என்பதை நாம் யோசித்ததில்லை.

மற்றொன்று திருநள்ளாற்றின் நளன் கதை. இக்கட்டுரைக்கு வேண்டியது அதுதான்.

நளன் சூதில் நாட்டை இழக்கிறான். மனைவியுடன் காட்டுக்குப் போகிறான். ஒற்றை ஆடையை இருவரும் பகிர்ந்து உடுத்துக்கொண்டு உறங்கும் இரவில் எழுகிறான். ஆடையை அறுத்துக்கொண்டு புறப்படுகிறான், திரும்பி வருகிறான், மறுபடியும் போகிறான், மறுபடியும் வருகிறான். கடைசியில், காட்டில் தனியே உறங்கும் மனைவியை விட்டுவிட்டுப் போயே போய்விடுகிறான். தெளிந்த மனத்தோடு இருக்கும் நளன் ஒருபோதும் செய்யாத செயல் அது. அவனுக்குள் கலி புகுந்திருந்தான் என்கிறது கதை. நம் ஊர்க் கதையில் அந்த இடத்தில் சனி நிற்கிறான். வியாச பாரதத்தில் தமயந்தி விழித்தெழுந்து அழும்போது நளனைச் சபிப்பதில்லை. நளனுக்கு இந்தத் துன்பத்தைத் தந்தது எதுவோ அதைச் சபிக்கிறாள். செயலையும் செய்தவனையும் அவள் பிரித்துப் பார்க்கிறாள்.

நளன் தூக்கத்தில் நடந்தவன் அல்லன், அவன் விழித்திருந்தான். ஆனால் கைகால்கள் ஒருவனுடையவை, செயல் அவனுடையது அன்று என்னும் நிலை மனித வாழ்வில் உண்டு என்பதை இக்கதை ஒப்புக்கொள்கிறது. துயில்நடை அந்த நிலைதான். தமயந்தியிடமிருந்த கருணை நம்மிடம் மிஞ்சவேண்டும், காரணம் மட்டும் மாறவேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. நாம் செய்துகொண்டிருப்பதோ இதற்கு நேர் எதிரானது. கலியையும் சனியையும் விடாமல் பிடித்துக்கொண்டு, தமயந்தியைக் கைவிட்டுவிட்டோம்.

*

சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளை ஐந்து அவத்தைகளாகப் பகுக்கிறது: சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். நனவு, கனவு, கனவற்ற உறக்கம் என்று முதல் மூன்றையும் எளிதாகச் சொல்லிக்கொள்ளலாம். துயில்நடையை இவற்றுள் எதில் வைப்பது? கண் திறந்திருக்கிறது, கால் நடக்கிறது, கை தாழ்ப்பாளை விலக்குகிறது; ஆகவே சாக்கிரம் எனலாம். கூப்பிட்டால் பதில் இல்லை, காலையில் நினைவு இல்லை. ஆகவே சுழுத்தி எனலாம். விழிப்பு நிலைக்குள்ளேயே ஐந்து அவத்தைகளும் நிகழ்வதுண்டு என்று சித்தாந்த நூலோர் சொன்னது வேறு நோக்கத்துக்காக. ஆயினும் நிலைகள் ஒன்றையொன்று ஊடுருவும் என்ற அந்த எண்ணம் இங்கே நமக்கு உதவுகிறது.

நெடுங்காலம் துயில்நடையைக் கனவின் நடிப்பு என்றே உலகம் நம்பியது. கனவில் ஓடுபவன் கட்டிலிலிருந்தும் எழுந்து ஓடுகிறான் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. 1953-ல் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் விழிகள் விரைந்து அசையும் தூக்கக் கட்டத்தைக் கண்டறிந்தார்கள். தெளிவான கனவுகள் மிகுதியும் வருவது அதில்தான். அப்போது உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். கனவு காண்பவன் ஓடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. 1960-களில் தூக்கத்தில் நடப்பவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, அவர்கள் எழுந்தது கனவுக் கட்டத்தில் அன்று, ஆழ்ந்த உறக்கத்தில் என்பது தெரிந்தது. 1968-ல் ரோஜர் பிராட்டன் என்ற கனடிய மருத்துவர் இதை விழிப்பில் நேரும் கோளாறு என்று வகுத்தார். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளை விழிக்க முயல்கிறது. முயற்சி பாதியில் நின்றுவிடுகிறது.

பாதி என்பது இங்கே வெறும் உவமை அன்று. தூக்கத்தில் நடந்துகொண்டிருந்த 16 வயதுப் பையன் ஒருவனின் மூளையில் ரத்த ஓட்டம் எங்கெங்கு கூடுகிறது, எங்கெங்கு குறைகிறது என்று சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் படமெடுத்து 2000-ல் வெளியிட்டார்கள். இயக்கத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய சில பகுதிகள் விழித்திருந்தன. சீர்தூக்கிப் பார்க்கிற, தன்னைத் தானென்று அறிகிற முன்மூளைப் புறணி உறங்கிக்கொண்டிருந்தது. மூளை மொத்தமாக உறங்கி மொத்தமாக விழிக்கும் ஒற்றை விளக்கு அன்று. பல அறைகள் கொண்ட வீடு அது; சில அறைகளில் விளக்கெரியும்போது சில அறைகள் இருண்டிருக்கலாம்.

ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் அதிகம். ஆகவேதான் துயில்நடையும் பெரும்பாலும் படுத்து ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் நேர்கிறது. பத்து மணிக்குப் படுக்கும் வீட்டில் அது ஏறக்குறைய பேய் உலாவும் நேரமாக நம் பாட்டிகள் குறித்த அதே நேரம். பாட்டிகளின் அவதானிப்பில் பிழை இல்லை, விளக்கத்தில்தான் பிழை.

*

இனி காரணம். நளன் கதையில் கலி உடனே புகுந்துவிடுவதில்லை. தருணம் பார்த்துக் காத்திருக்கிறான். பன்னிரண்டாம் ஆண்டில் ஒருநாள் நளன் கால் கழுவுவதில் சிறு குறை நேர்கிறது. அந்தச் சிறு வழியில் நுழைகிறான். ஒரு மனிதனின் வீழ்ச்சிக்குக் கழுவாத குதிகால் காரணமா என்று சிறுவயதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். துயில்நடை குறித்துப் படித்தபோது இந்தக் கதையமைப்பு நினைவுக்கு வந்தது. உள்ளே நெடுங்காலம் காத்திருக்கும் ஓர் இயல்பு. வெளியே ஒரு சின்னஞ்சிறு தூண்டுதல். இரண்டும் சேரும் இரவில்தான் ஒருவர் எழுந்து நடக்கிறார்.

காத்திருக்கும் இயல்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1,940 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பெற்றோர் இருவருக்குமே துயில்நடை இல்லாத குழந்தைகளில் 22.5 விழுக்காட்டினர் எப்போதேனும் தூக்கத்தில் நடந்திருந்தனர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது 47.4 விழுக்காடு, இருவருக்கும் இருந்தால் 61.5 விழுக்காடு. பத்து வயதில் அது உச்சத்தைத் தொடுகிறது. பிறகு பெரும்பாலோருக்குத் தானே தணிந்துவிடுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டின் கணக்கின்படி, ஓர் ஆண்டுக்குள் தூக்கத்தில் நடந்தவர்கள் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர், பெரியவர்களில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பேய்கள் எந்த ஊரிலும் இருக்க நியாயமில்லை.

தூண்டுதல்களில் முதன்மையானது தூக்கமின்மை. இது முரணாகத் தோன்றலாம். ஓரிரவு தூங்காதவன் மறுநாள் அளவுக்கு மீறி ஆழமாக உறங்குகிறான். அந்த ஆழத்திலிருந்து சுத்தமாக மேலே வர முடிவதில்லை. அடுத்து, காய்ச்சல், மன அழுத்தம், புதிய இடம், திடீர் ஓசை, நிறைந்த சிறுநீர்ப்பை. உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயும் முக்கியமானது. குறட்டைவிடும் குழந்தை தூக்கத்தில் நடக்கிறது என்றால் முதலில் பார்க்கவேண்டியது தொண்டையை. மூச்சுத்தடையைச் சரிசெய்ததும் நடையும் நின்றுபோன குழந்தைகளைப் பற்றி 2003 முதலே மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டிருக்கிறது.

இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காரைக்காலைப் பாருங்கள். விசைப்படகில் நாள்கணக்கில் கடலில் தங்கும் மீனவருக்குத் தொடர்ந்த உறக்கம் என்பதே கிடையாது. வலை இழுக்கும் நேரத்துக்கெல்லாம் எழுந்தாக வேண்டும். வீட்டில் நடந்தால் சுவரில் முட்டுவார், படகில் நடந்தால்? துறைமுகத்திலும் ஆலைகளிலும் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களின் தூக்கமும் சிதறியதே. பரீட்சைக்காக நள்ளிரவுவரை விழிக்கவைத்து விடியற்காலையில் எழுப்பப்படும் பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. கோடையில் புழுக்கம் தாளாமல் மொட்டை மாடியில் பாய்விரிக்கும் வழக்கமும் நமக்கு உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிகளும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்த பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற ஊர்களுக்கு, பேரழிவுக்குப் பின் உறக்கம் என்னவாகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாராயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரைக்கால் என்றாலே மலிவான மதுவை நினைப்பவர்கள், இரவில் எழுந்து திரிவதற்கும் குடியே காரணம் என்று முடித்துவிடுவார்கள். குடி தூக்கத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் போதையில் தள்ளாடுவது வேறு, துயில்நடை வேறு. குடி துயில்நடையைத் தூண்டுகிறது என்பதற்கான சான்று வலுவானதன்று. இவ்வகையில் உறுதியாகத் தெரிந்த குற்றவாளி சில தூக்க மாத்திரைகள். ஸோல்பிடெம் போன்ற மாத்திரைகளை விழுங்கிய சிலர் உறக்கத்திலேயே நடந்து, சமைத்து, வண்டியும் ஓட்டியதால் 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவற்றின் உறைமீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மாத்திரை அது. அதைத் தெரிந்தவர் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் இருக்குமானால், தாயத்துக்கு முன் அந்தப் பழக்கத்தை அறுக்கவேண்டும்.

*

காரணத்தை வெளியே தேடுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய மூடத்தனம் என்று எண்ணவேண்டாம். 1784-ல் பிரான்சில் புய்செகூர் பிரபு, விக்தோர் என்ற குடியானவனைக் காந்த சிகிச்சையில் ஆழ்த்தியபோது அவன் தூக்கத்தில் நடப்பவனைப் போலவே கண்மூடிப் பேசினான். பிரபு அதற்குச் செயற்கைத் துயில்நடை என்று பெயரிட்டார். ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் பாயும் காந்தத் திரவமே காரணம் என்று படித்த பாரிஸ் நம்பியது. அதை மறுத்தவர் ஓர் இந்தியர். கோவாவின் கண்டோலிமில் 1756-ல் பிறந்த பாதிரியார் ஃபாரியா, 1813-ல் பாரிசில் பொதுமக்கள் முன் செய்துகாட்டி விளக்கினார்: திரவமும் இல்லை, மந்திரவாதியின் சக்தியும் இல்லை, காரணம் உறங்குபவருக்குள்ளேயே இருக்கிறது. அவரைக் கேலி செய்தார்கள். 1819-ல் தம் நூல் வெளிவந்த ஆண்டிலேயே வறுமையில் இறந்தார். அவர் பேசியது செயற்கை உறக்கத்தைப் பற்றி. நாம் பேசுவது இயற்கையானதைப் பற்றி. ஆயினும் காரணத்தை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்து வைத்த அந்தத் துணிவு இரண்டுக்கும் பொது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இந்தியர் பாரிசுக்குச் சொன்னதை நாம் நம் தெருவுக்குச் சொல்லிக்கொள்ளத் தயங்குகிறோம்.

காரணம் உள்ளே இருக்கிறது என்றால் பொறுப்பும் அவருடையதா? இங்கேதான் நளன் கதை மீண்டும் வருகிறது. 1987 மே மாதம் ஓர் அதிகாலையில், கனடாவில் கென்னத் பார்க்ஸ் என்ற 23 வயது இளைஞர் எழுந்து, 23 கிலோமீட்டர் காரோட்டிச் சென்று, மனைவியின் தாயைக் கொன்று, தந்தையைக் கடுமையாகக் காயப்படுத்தினார். பிறகு வெட்டுப்பட்ட கைகளோடு காவல் நிலையத்துக்குப் போய், யாரையோ கொன்றுவிட்டதாக எண்ணுகிறேன் என்றார். மாமியாரிடம் அவருக்கு அன்பே இருந்தது. கொல்ல எந்தக் காரணமும் இல்லை. சூதாட்டக் கடன், பல நாள் தூக்கமின்மை, குடும்பத்தில் பலருக்குத் துயில்நடை ஆகியவை இருந்தன. சூதும் நள்ளிரவும் இங்கும் வந்து சேர்வது தற்செயல்தான். படிக்கும்போது திடுக்கிடவே செய்கிறது. அவர் உறக்கத்தில் இருந்தார் என்று ஏற்று நடுவர்கள் விடுவித்தார்கள். கனடிய உச்ச நீதிமன்றம் 1992-ல் அதை உறுதிசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பர்ஜஸ் என்பவரின் வழக்கில், துயில்நடையின்போது நடந்த வன்முறையைச் சித்தப் பிறழ்வின் கணக்கில் சேர்த்தது. ஒரே நிலை, ஒரு நாட்டில் குற்றமற்றவன், மற்றொரு நாட்டில் சித்தம் பிறழ்ந்தவன்.

இந்தியாவில் துயில்நடைக்கென்று தனிப் பிரிவு இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதனிடத்துக்கு வந்துள்ள நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவும் சித்தத் தெளிவின்மையைப் பற்றியே பேசுகின்றன. இத்தகைய வழக்குகள் மிக மிக அரியவை என்பதையும் சொல்லவேண்டும். தூக்கத்தில் நடப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதுகூட இல்லை, தங்களைத்தான் காயப்படுத்திக்கொள்கிறார்கள். ஆனால் நீதிமன்றத்துக்கு வராத தீர்ப்புகள் வீடுகளில் நாள்தோறும் வழங்கப்படுகின்றன. அவற்றுக்கு மேல்முறையீடு இல்லை.

அந்தத் தீர்ப்புகளில் கொடியது கட்டிப்போடுவது. கால் விரலில் கயிறு, கட்டில் காலில் முடிச்சு. எழுந்தவர் இடறி விழுவதற்கே அது வழி செய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை எரிந்தபோது, மனநோயாளிகள் 28 பேர் சங்கிலியிலிருந்து விடுபடமுடியாமல் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. துயில்நடை மனநோயே அன்று. அதற்கு ஏன் கயிறு? அடுத்த கொடுமை மறைப்பது. பெண்ணின் திருமணம் தடைபடும் என்று மறைக்கிறார்கள். புகுந்த வீட்டில், புதிய இடமும் பதற்றமும் அரைத் தூக்கமுமாக முதல் மாதத்திலேயே அவள் எழுந்து நடக்கிறாள். தூண்டுதல்கள் அனைத்தையும் ஒருங்கே கொண்ட காலம் அது. அங்கே அவளுக்காகப் பேச அம்மா இல்லை. கேட்பவர்களுக்கு விஷயமும் தெரியாது.

செய்யவேண்டியவை எளியவை. வாசலுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்; மாடியில் படுக்க வேண்டாம்; கிணற்றுக்கு மூடி; அரிவாள்மனை எட்டாத இடத்தில்; கதவில் ஒரு சலங்கை. நடப்பவரை எழுப்பினால் உயிர் போய்விடும் என்பது பொய். ஆனால் உலுக்கினால் குழம்பி மிரள்வார், கையை ஓங்கவும் கூடும். ஆகவே தோளைத் தொட்டு மெதுவாகப் படுக்கைக்குத் திருப்பினால் போதும். குழந்தை ஒவ்வோர் இரவும் ஒரே நேரத்தில் நடக்குமானால், அதற்குக் கால் மணி நேரம் முன்பே இலேசாக எழுப்பிவிட்டு மறுபடி தூங்கவைப்பது மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முறைகளில் ஒன்று. சிறுநீர் கழிக்கப் பிள்ளையை எழுப்பிக் கூட்டிப்போகும் அம்மாக்களுக்கு இது புதிதும் அன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரத்தோடு தூங்கவிடுங்கள்.

மருத்துவரிடம் போகவேண்டியது எப்போது? காயம் நேரும்போது, குறட்டை இருக்கும்போது, ஒரே அசைவு ஓரிரவில் பலமுறை வரும்போது, ஏனெனில் அது வலிப்பாக இருக்கலாம், ஐம்பதைக் கடந்த ஒருவர் விடியற்காலையில் கனவில் கத்திக் கைகால்களை வீசத் தொடங்கும்போது. கடைசியில் சொன்னது துயில்நடையே அன்று. 1986-ல் தனி நோயாக விவரிக்கப்பட்ட அது, பல ஆண்டுகள் கழித்து வரும் நடுக்குவாதத்தின் முன்னறிவிப்பாக இருப்பதுண்டு. பேய் என்று தள்ளிப்போடும் வீடுகள் இழப்பது இந்த ஆண்டுகளைத்தான்.

நளதீர்த்தத்தில் மூழ்கி எழுபவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. தன்னை மீறி ஏதோ நடந்துவிட்டது, இனி அது தொடரக்கூடாது என்ற ஏக்கத்தோடுதான் ஒவ்வொருவரும் அந்தக் குளத்தில் இறங்குகிறார்கள். அது மதிக்கவேண்டிய ஏக்கம். குளித்துவிட்டு வரட்டும், வந்த பிறகு பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது, குறட்டை விடுகிறதா, தாத்தாவுக்கும் இது இருந்ததா என்று கேட்கட்டும். காலையில் அது எழுந்து வரும்போது, ராத்திரி நீ என்ன செய்தாய் தெரியுமா என்று சிரித்தோ மிரட்டியோ கேட்காமல் இருக்கட்டும்.